கடைசிப் பேனா

நூறு கடிதங்களை நாற்பத்தெட்டுக் கட்டங்களில் பிரித்துப் போட அவருக்கு ஒரு நிமிடமும் நாற்பது வினாடியும் போதும். இது செவிவழிச் செய்தியன்று. தபால் பிரிப்பறையில் பதினான்கு ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தபோது, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து நானே மூன்று முறை அளந்திருக்கிறேன். மற்றவர்களுக்கு மூன்று நிமிடம் ஆகும். நல்ல கை என்று பெயரெடுத்தவர்களுக்கு இரண்டரை. இவருடைய இடக்கைக் கட்டைவிரல் கட்டின் மேல் கடிதத்தை ஒரு நூலளவு முன்னே தள்ளும்; வலக்கை அதை உருவி எறியும்; அது போய்ச் சேர்ந்த கட்டத்தை அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். உதடு மட்டும் ஓயாமல் கட்ட எண்ணை முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பு எங்கள் அறையில் எல்லோருக்கும் உண்டு. பயிற்சிக் காலத்தில் ஒட்டிக்கொள்வது, ஓய்வு பெற்றாலும் போவதில்லை.

அவருக்கு மின்னல் என்று பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதாக நினைவில்லை.

பிரிப்பறை வேலையைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். அங்கே சரியாகச் செய்த வேலை யார் கண்ணிலும் படுவதில்லை. கடிதம் வரவில்லை என்று சொல்ல மக்கள் வருவார்கள், மனு எழுதுவார்கள், மேசையைத் தட்டுவார்கள். கடிதம் வந்து சேர்ந்தது என்று சொல்ல எவரும் படியேறி வந்ததில்லை. வரவேண்டிய தேவையும் இல்லை. மின்னல் இதைக் குறையாகச் சொன்னதே கிடையாது. ஒரே ஒரு முறை, தேநீர் இடைவேளையில், தம்முடைய இருபத்தைந்தாவது ஆண்டு முடிந்த நாளன்று, இதுவரை தம் கை வழியாகப் போன கடிதங்கள் இரண்டு கோடியாவது இருக்கும் என்றும், அதில் ஒன்றைக்கூடத் தம் கை போட்டதை யாரும் பார்த்ததில்லை என்றும் சொன்னார். சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார். நான் அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

மேஜிக் அவருக்கு முப்பத்தொன்றாம் வயதில் வந்தது. அலுவலகப் பிரிவுபசார விழா ஒன்றுக்கு அழைக்கப்பட்ட மேஜிக்காரர் அவரிடம் ஒரு நாணயத்தை வாங்கி மறைத்தார். மறுநாள் காலையில் அதே நாணயத்தை மின்னல் என் முன்னால் மறைத்துக் காட்டினார். அவருடைய விரல்களுக்கு அது புதிய வேலையாகவே தோன்றவில்லை. பிறகு படம் போட்ட புத்தகங்கள், கைக்குட்டைகள், சீட்டுக்கட்டுகள், கயிறுகள் என்று அவருடைய வீட்டு அலமாரியில் ஒரு தட்டு முழுவதும் நிரம்பியது. அவர் மனைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மூன்றாம் வகுப்பு. எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான், கணவர் உட்பட. அவர் இந்த அலமாரித் தட்டை எதிர்க்கவும் இல்லை, மெச்சவும் இல்லை. கைக்குட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டு வைப்பார். அவ்வளவே.

நகரத்து மேஜிக் சங்கம் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு பிற்பகலில் நூலகத்தின் மாடி அறையில் கூடும். நாற்பது நாற்காலிகள், இரண்டு படி உயர மேடை, பாதி மூடும் ஒரு திரை. மேஜிக்கை மட்டும் நம்பிப் பிழைப்பவர் அங்கே ஒருவரும் இல்லை. தலைவர் பல் மருத்துவர். மற்றவர்களில் ஒரு மருந்துக்கடைக்காரர், இரண்டு வங்கி ஊழியர்கள், ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஆகியோர் இருந்தார்கள். நான் ஓய்வு பெற்றபின் என்னையும் மின்னல் அங்கே அழைத்துப் போனார். எனக்கு ஒரு சீட்டைக்கூட மறைக்கத் தெரியாது. என்னிடம் நல்ல நிறுத்துக் கடிகாரம் இருந்ததால் நேரம் பார்க்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

சங்கத்தின் பெரிய காரியம் ஆண்டுக்கொரு முறை நகர மன்றத்தில் நடக்கும் நிகழ்ச்சி. அறுநூறு இருக்கைகள். ஏழு பேருக்கு இடம், ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம். அந்த ஏழு பேரை நூலக மாடியில் மூன்று நடுவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஓர் உறுப்பினர் மூன்று முறை முயலலாம். மூன்றாம் முறையும் தேறாவிட்டால் அவர் பெயர் மேசைப் பட்டியலுக்குப் போய்விடும்; விருந்துகளில் மேசை மேசையாகச் சென்று நாலைந்து பேருக்குச் செய்து காட்டலாம், மன்ற மேடை இல்லை. கடுமையான விதிதான். ஆனால் எழுத்தில் இருந்த விதி.

மின்னல் முதன்முறை மேடையேறியபோது அவருக்கு ஐம்பது வயது. பதினொரு வித்தைகளைச் செய்தார். நாணயம் மறைந்தது, கயிறு ஒட்டியது, கைக்குட்டை நிறம் மாறியது, மோதிரம் எலுமிச்சைக்குள் போனது. ஒன்றிலும் பிழையில்லை. எல்லாம் முடிந்தபோது என் கடிகாரம் ஒன்பது நிமிடம் ஐந்து வினாடி காட்டியது. கைதட்டல் எங்கே தொடங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. நாலாவது வித்தைக்குத் தட்ட நினைத்த கை ஆறாவது வித்தைக்குத்தான் சேர்ந்தது. அவர் தேறவில்லை.

அடுத்த ஆண்டு, குறையைத் தமக்குத் தெரிந்த ஒரே வழியில் சரிசெய்துகொண்டு வந்தார். மீந்த மூன்று நிமிடத்தில், காணாமற்போகும் கடித உறை உட்பட, இன்னும் நான்கு வித்தைகளைச் சேர்த்திருந்தார். ஆகப் பதினைந்து, பதினொன்று ஐம்பதில் முடித்தார். தலைவர், பல்லைப் பிடுங்குமுன் நோயாளியிடம் பேசுவாரே, அந்தக் குரலில் பேசினார்.

"கை வித்தையில உங்களை மிஞ்ச இங்க ஆள் இல்ல. அது வேற. அந்தக் கவர் காணாமப் போச்சே, அதை நாங்க தேடவே இல்லையே. தேடுறதுக்குள்ள கொண்டு வந்து கையில குடுத்துட்டீங்க."

மின்னல் தலையை ஆட்டினார். பெட்டியை அடுக்கிக்கொண்டு என்னோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்தார்.  பேருந்து வந்ததும், ஒரு தடவையாவது அறுநூறு பேர் தம் கையைப் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்ததாகவும், அது அதிக ஆசையோ என்னவோ என்றும் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு இருந்தது.

மறுவாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் டீச்சர் மூன்றாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி, தச்சர், அலமாரிக் கதவின் கீலை மாற்றிக்கொண்டிருந்தார். மின்னலின் மேடைப் பெட்டிகளையெல்லாம் செய்து கொடுப்பவர் அவர்தான். அந்த உரிமையில் அக்காள் கணவரைக் கேலி செய்வதற்கு ஓய்வே கொடுப்பதில்லை. மாமா பதினைந்து வித்தை காட்டியதில் தாம் நாலைத்தான் பார்த்ததாகவும், தும்மும்போது மூன்று போய்விட்டதாகவும் அன்றைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டீச்சர் என்னிடம் என் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு வித்தைக்கும் எத்தனை வினாடி என்று எழுதியிருந்தேன். சிவப்புப் பென்சிலோடு வரி வரியாகப் போனவர், இரண்டு வித்தைகளுக்கு நடுவே எத்தனை வினாடி என்று கேட்டார். நடுவே ஒன்றும் இல்லை என்றேன். உண்மையும் அதுதான், கூட்டிப் பார்த்தால் மொத்த நேரம் அப்படியே வந்தது.

"நடுவுல ஒண்ணுமே இல்லையா? அப்ப அவங்க எப்ப எழுதுவாங்க?"

எழுதுவதா, யார், என்று மின்னல் கேட்டார். டீச்சர் விளக்கினார். வகுப்பில் சொல்வதை எழுதுதல் நடத்தும்போது, ஒரு தொடரைச் சொன்னதும் அடுத்த தொடரைச் சொல்லிவிட முடியாது. பிள்ளைகள் கேட்க வேண்டும், மனத்தில் வைக்க வேண்டும், எழுத வேண்டும். அதற்குள் அடுத்ததைச் சொன்னால் முதலில் சொன்னதும் போய்விடும். பார்க்க வந்தவர்களுக்கும் அப்படித்தானே. ஒரு பொருள் காணாமல் போனதென்றால், அது இருந்தது, இப்போது இல்லை, எங்கேயும் இல்லை என்று மூன்று வரி அவர்கள் மனத்தில் எழுதியாக வேண்டும்.

அன்றைக்கு அவர் பதினைந்து வித்தைகளில் பன்னிரண்டைச் சிவப்புப் பென்சிலால் அடித்தார். மின்னலின் முகம் அப்போது போன போக்கை நான் எழுதப்போவதில்லை. மூன்று நாள் வழக்கு நடந்தது. கடைசியில் கண்ணாடிக் குவளைக்குள் ஊடுருவும் நாணயம், காணாமற்போகும் கடிதம், கண்ணைக் கட்டிக்கொண்டு சீட்டுப் பிரித்தல் ஆகிய மூன்றும் நின்றன. மூன்றாவதை டீச்சர் விரும்பவில்லை. கலைத்த ஐம்பத்திரண்டு சீட்டுகளை எழுபது வினாடியில் நான்கு சாதியாகப் பிரித்துப் போடுவது. அது ஆபீஸ் வேலை, அதை எதற்கு மேடையில் செய்ய வேண்டும் என்றார். அது ஒன்றையாவது விட்டுவையேன் என்று மின்னல் கேட்டுக்கொண்டார். அவருடைய வேகமெல்லாம் தெரிகிற இடம் அதுதான்.

கடித வித்தை அவர் சொந்தமாக அமைத்தது. பார்வையாளர் ஒருவர் உறையில் தம்முடைய முகவரியை எழுதி, தபால்தலைக்குக் குறுக்கே கையெழுத்திடுவார். அது முப்பது கடிதங்களோடு கலக்கப்படும். பன்னிரண்டு கட்டமுள்ள ஒரு சிறு அடுக்கில் மின்னல் அவற்றைப் பிரித்துப் போடுவார். கையெழுத்திட்டவர் வந்து தம் கடிதத்தைத் தேடினால் எந்தக் கட்டத்திலும் இராது. முதலிலிருந்தே மேடையில் பூட்டிக் கிடக்கும் சிவப்புத் தபால் பெட்டியைச் சபையிலுள்ள ஒருவர் தம்மிடமுள்ள சாவியால் திறந்தால் உள்ளே இருக்கும். வித்தை முடிந்ததும் அந்த உறையை உண்மையாகவே தபாலில் சேர்த்துவிடுவது அவர் வழக்கம். முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறையைக் குப்பையில் போட அவருக்கு மனம் வராது.

ஒத்திகை தொடங்கியது. எங்கெங்கே நிறுத்த வேண்டும் என்று டீச்சர் தாளில் எண் போட்டுக் கொடுத்தார். கடிதம் கலந்தபின் மூன்று வினாடி, கட்டங்களில் கடிதம் இல்லை என்றானபின் ஐந்து, பெட்டியைத் திறக்குமுன் ஏழு. மின்னல் அதை அப்படியே மனப்பாடம் செய்தார். எதையும் ஒழுங்காகக் கற்றுக்கொள்கிறவர். முதல் சோதனை பிரிப்பறையில், மதிய உணவு இடைவேளையில், பழைய கூட்டாளிகள் முன்னால் நடந்தது. என்னையும் அழைத்திருந்தார்கள்.

நாணயம் நன்றாகப் போயிற்று. கடிதம் கலந்தது, அவர் நின்றார். நிற்கும்போது அவருடைய உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. முப்பது ஆண்டுகளாகக் கட்ட எண்ணை முணுமுணுத்துப் பழகிய உதடு, எண்ணாமல் இருக்குமா? பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அதே நோய்க்காரர்கள். இரண்டாம் இடத்தில் நான்கைந்து பேர் அவரோடு சேர்ந்து முணுமுணுத்தார்கள். பெட்டிக்கு முன்னால் அவர் நின்றபோது அறை முழுவதும் வாய்விட்டு எண்ணியது. நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. ஏழுக்குச் சரியாகப் பெட்டி திறந்தது. எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நல்ல எண்ணத்தில்தான். மின்னலும் சிரித்தார். அடுக்கை மடக்கும்போது அவர் கை முதன்முறையாக ஒரு கடிதத்தைத் தவறவிட்டதை நான் கவனித்தேன்.

வீட்டில் தச்சருக்கு இது போதுமானதாக இருந்தது. "மாமா, அடுத்த தடவை பத்து வரைக்கும் எண்ணுங்க. பாதியில நிறுத்தினா படிப்பு வராது."

டீச்சர் தம்பியை அதட்டவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு, தாம் எண் போட்டுக் கொடுத்ததே தவறு என்றார். வகுப்பில் தாமும் எண்ணுவதில்லை; எண்ணுவதாக நினைத்து எழுதிக் கொடுத்துவிட்டார். நாற்பது பிள்ளைகளில் எல்லோரையும்விட மெதுவாக எழுதுகிற ஒரு பிள்ளை இருக்கும். அந்தக் கடைசிப் பேனா தாளைவிட்டு நிமிர்ந்ததும் அடுத்த தொடரைச் சொல்வார். அதற்கு முன்னால் போனால் அந்தப் பிள்ளை ஒரு சொல்லை விடும். விட்ட சொல்லைத் தேடிக்கொண்டு மீதி எல்லாவற்றையும் விடும். அதற்குமேல் காத்திருந்தால் முன் பெஞ்சு படம் வரையத் தொடங்கிவிடும்.

மேடையில் பேனா ஏது என்றார் மின்னல். முகம் இருக்கிறதே என்றார் டீச்சர்.

கேட்டதை நம்பி விட்டுவிடுகிற மனிதரில்லை மின்னல். பள்ளி வைத்திருந்த ஒரு சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். வகுப்புக்கு வெளியே, நடைவழிச் சன்னல் பக்கம், இருபது நிமிடம் நின்று பார்த்தார். திரும்பி வந்து என்னிடம் சொன்னது இது: டீச்சர் ஒரு தொடரைச் சொல்கிறார், இரண்டடி நடந்து சன்னலோரம் போகிறார், கடைசிப் பெஞ்சில் பின்னல் அவிழ்ந்த ஒரு பெண்பிள்ளைக்குப் பக்கத்திலுள்ள சுவரைப் பார்க்கிறார். பிள்ளையைப் பார்ப்பதே இல்லை. நேராகப் பார்த்தால் அது பயந்து கிறுக்கும். சுவரைப் பார்த்தபடி, கண்ணின் ஓரத்தால் பேனாவைப் பார்க்கிறார். இந்தச் சுவரைப் பற்றி டீச்சரிடம் கேட்டதற்கு, தாம் அப்படிச் செய்வது தமக்கே தெரியாது என்றாராம்.

அதன்பின் ஒத்திகை வேறு மாதிரி ஆயிற்று. வீட்டில் செய்து பயனில்லை. எங்கள் எல்லோருக்கும் இரகசியம் தெரியும், எங்கள் பேனா முன்பே நிமிர்ந்துவிடும். ஆகவே குடியிருப்பில் கீழ்த்தளத்து மருந்துக்கடை அம்மாள், சலவை இயந்திரம் பழுது பார்ப்பவர், மூன்றாம் மாடியில் புதிதாக வந்த தம்பதி என்று ஒருவர் ஒருவராகப் பிடித்து மின்னல் கடித வித்தையைச் செய்தார். நான் கடிகாரத்தோடு கூடவே போனேன். கட்டங்களில் கடிதம் இல்லை என்பதைப் பார்த்து, அது மனத்தில் இறங்கி, முகம் நிமிர்வதற்கு விரைவானவருக்கு நான்கு வினாடி ஆயிற்று; மெதுவானவருக்குப் பதினான்கு. பழைய மின்னல் யாருக்கும் ஒன்றரை வினாடிக்குமேல் கொடுத்ததில்லை. இரண்டு மாதத்தில் அவருடைய உதடு அசைவது நின்றது. எண்ணுவதற்குப் பதிலாகப் பார்க்க ஒரு வேலை கிடைத்துவிட்டது.

மூன்றாம் தேர்வு நாளன்று நூலக மாடியில் முப்பத்துமூன்று பேர் இருந்தார்கள். நடுவர்கள் முதல் வரிசையில். மூன்றாம் வரிசையில் நடைபாதையை ஒட்டி டீச்சர், மடியில் நிகழ்ச்சித் தாள், காலடியில் கைப்பை. அவருக்குப் பக்கத்தில் தச்சர். நான் மேடைக்கு இடப்புறம், சபையைப் பார்த்தபடி மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். எல்லா முகமும் எனக்குத் தெரியும். முகவரி எழுதியவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். பெட்டியின் சாவி தலைவரிடம்.

நாணயம் இரண்டு நிமிடம் முப்பதில் முடிந்தது. தட்டினார்கள், தட்டி ஓயும்வரை மின்னல் அசையவில்லை. கடிதம் கலந்தது. அடுக்கில் பிரித்துப் போட்டார், வழக்கமான வேகத்தில் பாதிக்கும் குறைவாக. ஓட்டுநர் வந்து பன்னிரண்டு கட்டங்களையும் தேடினார், ஒவ்வொன்றாக உருவித் தரையில் அடுக்கித் தேடினார். இல்லை. தலைவர் சாவியோடு மேடையேறிப் பெட்டியைத் திறந்தார். ஏழு நிமிடம் நாற்பது.

பெட்டி காலியாக இருந்தது.

ஒத்திகையில் இப்படி ஒரு தடவையும் நடந்ததில்லை.  டீச்சர் நிகழ்ச்சித் தாளைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். தலைவர் பெட்டிக்குள் கைவிட்டு, அடிப்பலகையைத் தட்டிப் பார்த்து, வெறுங்கையை வெளியே எடுத்தார். யாரோ இருமினார்கள். பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். ஆள் மாட்டிக்கொண்டார் என்றுதான் இருக்கும்.  மின்னல் பெட்டிக்குப் பக்கத்தில் கைகளைத் தொங்கவிட்டு நின்றார். அவர் பார்வை மூன்றாம் வரிசையில் டீச்சருக்கு ஒரு நாற்காலி அகலம் தள்ளி, வெறும் நடைபாதையில் இருந்தது. பதினெட்டு வினாடி. என் ஆயுளில் நான் அளந்த நீண்ட பதினெட்டு வினாடி அது.

பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"டீச்சர், ஒரு கைக்குட்டை இருந்தா குடேன். வேர்க்குது."

டீச்சர் குனிந்து பையை எடுத்தார். கணவர் மேல் இருந்த இரக்கமெல்லாம் அவர் கையின் அவசரத்தில் தெரிந்தது. பையைத் திறந்து கைக்குட்டையைத் துழாவியவர் ஓர் உறையை வெளியே எடுத்தார். எடுத்து, அதை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி கைக்குட்டையைத் தேடினார். நாலைந்து பேர் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. தலைவருக்குப் புரிந்துவிட்டது. ஓட்டுநருக்குப் புரிந்துவிட்டது. டீச்சருக்கு மட்டும் புரியவில்லை. வகுப்பில் வேறு பிள்ளையின் நோட்டு கலந்து வந்ததைப்போல் அந்த உறையை இரண்டாம் முறை எடுத்து முகவரியைப் படித்தார். தபால்தலையைப் பார்த்தார். குறுக்கே கையெழுத்து இருந்தது. சபை முழுவதும் அவர் முகத்துக்காகக் காத்திருந்தது. மின்னலும் காத்திருந்தார், அந்த வெறும் நடைபாதையைப் பார்த்தபடி.

டீச்சர் தலை நிமிர்ந்தார். அப்போதுதான் மின்னல் கையை நீட்டினார்.

கைதட்டல் இருபத்திரண்டு வினாடி நீடித்தது. அது அடங்கியபோது ஒன்பது நிமிடம் பத்து. சீட்டு வித்தைக்குத் தாராளமாக நேரம் இருந்தது. கண்கட்டும் துணி மேசைமேல் மடித்துக் கிடந்தது. மின்னல் அதைக் கையில் எடுத்தார். சபையை ஒரு முறை பார்த்தார். துணியை விரித்துச் சீட்டுக்கட்டின் மேல் மூடினார். குனிந்து வணங்கினார். இன்னும் இரண்டரை நிமிடத்துக்குமேல் மீதம் இருப்பதாக நான் விதிப்படி அறிவித்தேன். போதும் சார் என்றார்.

அதோடு காரியம் முடிந்துவிடவில்லை. நடுவர்கள் கூடிப் பேசியபோது தலைவர் ஒரு கேள்வியை எழுப்பினார். நியாயமான கேள்வி. சொந்த மனைவியின் பையிலிருந்து ஒரு பொருளை எடுப்பது என்ன பெரிய வித்தை? அந்த அம்மாள் உடந்தை என்றால் இதை ஏற்க முடியாது. இரண்டாம் நடுவர், அந்த முகத்தைப் பார்த்தபின் அப்படிச் சொல்ல முடியாது என்றார். மூன்றாம் நடுவர் கையை விரித்தார். ஆளுக்கொரு பேச்சாக இழுத்தது. மேடையோரம் மின்னல் அடுக்கை மடக்காமல் நின்றுகொண்டிருந்தார். கடைசியில் தலைவர் டீச்சரையே அழைத்து, இது உங்களுக்கு முன்னமே தெரியுமா என்று கேட்டார்.

டீச்சருக்கு அதுவரை அடக்கி வைத்த கோபம் எல்லாம் சேர்ந்து வந்தது.

"தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனா சார்? நாலு மாசம் ஒத்திகை பாத்தது பெட்டியில வர்றதுக்கு. மூணாவது தடவை, இதுதான் கடைசி, இதுல போய் யாராவது புதுசா ஒண்ணைப் பண்ணுவாங்களா? வீட்டுக்கு வரட்டும்."

தலைவர் தாளை எடுத்து எழுதினார். மற்ற இருவரும் எழுதினார்கள். மூன்று தாளிலும் தேர்வு என்று இருந்தது. என் பதிவேட்டில் இன்றும் இருக்கிறது.

உறை பைக்குள் எப்படிப் போயிற்று என்பதை மின்னல் வீட்டில் சொல்லவில்லை. சங்கத்தில் உறுப்பினராக இல்லாதவருக்கு இரகசியம் சொல்லக்கூடாது என்பது விதி என்றாராம். டீச்சர் தம்பியை மிரட்டிப் பார்த்தார். தாம் வெறும் தச்சர் என்றும், பை தமது துறை இல்லை என்றும் அவர் பதில் சொன்னார். எனக்கும் தெரியும், நானும் எழுதமாட்டேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது டீச்சர் பையைத் திறந்து ஒரு முறை உள்ளே பார்த்துவிட்டு மூடும் பழக்கம் அன்றையிலிருந்து வந்தது.

நகர மன்றத்தில் அவர் நான்காவதாக மேடையேறினார். அறுநூறு இருக்கைகளில் நாற்பதுதான் காலி. முகவரி எழுதியவர் பால்கனியிலிருந்து இறங்கி வந்த ஒரு தையற்காரப் பெண்மணி. உறை கிடைத்தது மேடையிலிருந்து எட்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த, முன்பின் அறியாத ஒருவருடைய சட்டைப்பையில். அந்த மனிதர் கனமான உடம்பு, நிதானமான ஆள். தம் பையைத் தடவிப் பார்க்கவே ஒன்பது வினாடி எடுத்துக்கொண்டார். மின்னல் அந்த ஒன்பது வினாடியையும் அவருக்குக் கொடுத்தார். ஐந்நூற்றறுபது பேரும் கொடுத்தார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் வழக்கம்போல் அந்த உறையை வாசல் தபால் பெட்டியில் போட்டார். மறுநாள் அது பிரிப்பறைக்கு வந்து, அவருடைய கட்டுக்குள் சிக்கி, அவர் கையாலேயே இருபத்தேழாம் கட்டத்துக்குப் போயிற்று.

இதற்குப்பின் நடந்ததை, இப்போது அங்கே மேற்பார்வையாளராக இருப்பவர் சொல்லித்தான் அறிந்தேன். நாலாம் நாள் காலையில் அந்தத் தையற்காரப் பெண்மணி, நிகழ்ச்சித் தாளில் அவர் வேலை போட்டிருந்ததைப் பார்த்து, அலுவலகத்துக்கு வந்து, மேஜிக் செய்பவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாராம். வெளியாட்கள் பிரிப்பறைக்குள் வரக்கூடாது. வாசற்படியில் நிற்கச் சொன்னார்கள். ஏதோ புகார் என்று நினைத்து மேற்பார்வையாளர் மனுப் படிவத்தையும் எடுத்து வைத்தார்.

"புகார் ஒண்ணும் இல்லைங்க. லெட்டர் வந்து சேந்துடுச்சு. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

மின்னல் அடுக்கின் முன் நின்றுகொண்டிருந்தார். இடக்கையில் ஒரு கட்டு, வலக்கையில் எறிய எடுத்த கடிதம். திரும்பிப் பார்த்தார். சரிங்க என்றாராம். அந்தப் பெண்மணி சிரித்துவிட்டு, நடைவழியில் போய், படியிறங்கி, வாசற்கதவு சாத்தும் ஓசை கேட்கும்வரை அவர் கையிலிருந்த கடிதத்தைக் கட்டத்தில் போடவில்லை. அறையில் மற்றவர்களும் கையை நிறுத்தியிருந்தார்கள். பிறகு அவர் அதைப் போட்டார், எடுத்ததைத் தொடர்ந்து அடுத்ததையும்.